எந்த பிராஞ்ச் என்பதற்கு முன், எந்த இடம்?

டாக்டர்கள் மேல்படிப்புக்கு எழுதும் நீட் பிஜி தேர்வின் முடிவு வந்ததும் எல்லோரும் போன வருடம் எந்த ரேங்குக்கு எந்த சீட் போனது என்றுதான் தேடுகிறார்கள். எம்.டி. படிப்பு 3 வருடம். அதற்கப்புறம் எங்கே வேலை பார்க்க ஆசை என்று முதலில் யோசித்தால், அதே பிராஞ்ச்கள் (சிறப்புத் துறைகள்) வேறு வரிசையில் வந்து நிற்கும். மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்: குழந்தை மருத்துவம், ரேடியாலஜி (எக்ஸ்ரே, ஸ்கேன் பார்க்கும் துறை), மயக்கவியல் (ஆபரேஷனுக்கு மயக்க மருந்து கொடுக்கும் துறை).

சொந்த ஊரில் கிளினிக் போடுவதுதான் கனவு என்றால் குழந்தை மருத்துவத்துக்கு ஈடில்லை. முதலீடு குறைவு. தடுப்பூசி வைக்க 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்கும் ஃப்ரிட்ஜ், எடை பார்க்கும் கருவி, ஒரு நல்ல நர்ஸ் போதும். 6, 10, 14 வாரம், 9 மாதம் என்று தடுப்பூசி அட்டவணையே குடும்பங்களைத் திரும்பத் திரும்ப அழைத்து வரும். ராத்திரி காய்ச்சலுக்கு போன் வரும். அதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் குறைமாதக் குழந்தை, வென்டிலேட்டர் என்று ஆர்வம் இருப்பவருக்குக் கிளினிக் சலித்துவிடும். அவருக்கு மாவட்டத் தலைமை மருத்துவமனையோ மருத்துவக் கல்லூரியோதான் சரி.

ரேடியாலஜியில் சொந்த சென்டர் என்பது வேறு கணக்கு. மெஷினுக்குக் கடன், எக்ஸ்ரே, சிடிக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் அனுமதி, அல்ட்ராசவுண்டுக்கு 1994ஆம் ஆண்டின் பாலினத் தேர்வுத் தடைச் சட்டத்தில் பதிவு. கர்ப்பிணிக்கு ஸ்கேன் செய்தால் ஒவ்வொருவருக்கும் எஃப் படிவம் நிரப்ப வேண்டும். ஒரு மாவட்டத்தில் இரண்டு மையங்களுக்கு மேல் அல்ட்ராசவுண்ட் பார்க்கப் பதிய முடியாது என்பதால் ஊர் ஊராகப் போகவும் வழியில்லை. அதனால் பெரும்பாலும் பெரிய மருத்துவமனைச் சம்பளம்தான் இதற்குப் பொருந்தும். சிடி, எம்ஆர்ஐ ரிப்போர்ட்டை வீட்டிலிருந்தே எழுதலாம் என்பது உண்மையிலேயே பெரிய சௌகரியம். நோயாளியோடு உட்கார்ந்து பேசப் பிடிக்கும் என்பவர்கள், ரேங்க் கிடைத்தாலும் இதை எடுக்க வேண்டாம் என்பேன்.

மயக்கவியலுக்கு கிளினிக்கே தேவையில்லை. நாலைந்து நர்சிங் ஹோம்களுக்குக் கூப்பிடும்போது போய்வரலாம். கடன் இல்லை, வாடகை இல்லை. ஆனால் கேஸ் சர்ஜன் கையில். நேரமும் அவர் சொல்வதுதான், பல இடங்களில் ஃபீஸும் கூட. அரசுப் பணியில் நிலைமை தலைகீழ். சீமாங் மையத்தில் (அவசரப் பிரசவ, பச்சிளம் குழந்தை சிகிச்சைக்கான அரசு மையம்) மயக்க மருத்துவர் இல்லையென்றால் சிசேரியனே நடக்காது. தாயை அடுத்த ஊருக்கு ஆம்புலன்ஸில் அனுப்ப வேண்டியதுதான். அந்தப் பொறுப்புக்காகவே அரசு வேலையை விரும்புகிறவர்களுக்கு மூன்றில் இதைத்தான் முதலில் சொல்வேன்.

டாக்டர் தம்பதிகளுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. ஒருவர் மகப்பேறு எடுத்திருந்தால், மற்றவர் குழந்தை மருத்துவமோ மயக்கவியலோ எடுப்பது சிறு நகரத்தில் இருவரும் சேர்ந்து ஒரு நர்சிங் ஹோம் நடத்தப் போதுமானது.