கணக்கே தெரிய வேண்டாம் என்று சொல்லும் ஃபாரெக்ஸ் வகுப்பில் பணம் கட்டாதீர்கள்

திருப்பூர், கோவை பக்கம் இருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், வீட்டில் வேலைக்குப் போகும் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கும் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை ஹோட்டல் ஹாலில் இலவச ஃபாரெக்ஸ் வகுப்பு, அதாவது வெளிநாட்டுக் கரன்சி வாங்கி விற்கும் டிரேடிங் வகுப்பு, என்று நடத்துகிறார்களே, அப்படி ஒன்றில் என் மச்சினன் லட்ச ரூபாய்க்கு மேல் விட்டிருக்கிறான். பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் நின்று சேர்த்த பணம் அது. எனக்கு வயிறு எரிகிறது.

அவனுக்குப் பள்ளிக்கூடத்திலிருந்தே கணக்கு என்றால் பயம். கரன்சி டிரேடிங்குக்குக் கணக்கு நன்றாக வர வேண்டுமா என்று அந்த ஹாலிலேயே எழுந்து கேட்டிருக்கிறான், நியாயமான கேள்விதான். நடத்தியவர் சொன்ன பதில்: "கணக்கே வேண்டாம் ப்ரோ, நாங்க சிக்னல் தருவோம், நீங்க பட்டனை அமுக்கினா போதும், மீதியை ஆப் பார்த்துக்கும்." சிக்னல் என்பது எதை எப்போது வாங்கு, எப்போது வில் என்று அவர்கள் அனுப்பும் மெசேஜ். இலவசம் என்று கூப்பிட்டுவிட்டு வகுப்புக்கு 15,000, அப்புறம் ஆயிரம் டாலர் போட்டு டிரேடிங் அக்கவுண்ட் என்று டாலருக்கு 92 ரூபாய் போட்டு 92,000 வாங்கியிருக்கிறார்கள். அன்றைய வங்கி விலையைவிட அதுவே டாலருக்கு மூன்று நான்கு ரூபாய் கூடுதல். நான் ஏற்றுமதிக் கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்ப்பவன், டாலர் விலை தினமும் என் கண் முன்னால்தான் ஓடுகிறது. அதைவிட மோசம், பணம் போன யூபிஐ ரசீது. அதில் அந்த நிறுவனத்தின் பெயரே இல்லை, ஏதோ செல்போன் கடை பெயர் இருக்கிறது.

சரி, உண்மையில் எவ்வளவு கணக்கு வேண்டும்? கால்குலஸ் வேண்டாம், ஃபார்முலா மனப்பாடம் வேண்டாம். பெருக்கல், தசமம், சதவீதம் இவ்வளவுதான். ஆனால் அது கட்டாயம் வேண்டும், அது இல்லாமல் ஒரு டிரேடுகூடப் போடக் கூடாது. என் மச்சினன் கணக்கை வைத்தே சொல்கிறேன்.

யூரோ டாலரில், அதாவது யூரோவை டாலர் விலையில் வாங்கி விற்பதில், ஒரு லாட் என்பது ஒரு லட்சம் யூரோ. விலையில் நான்காவது தசமம் ஒன்று நகர்ந்தால் ஒரு பிப், ஒரு லாட்டுக்கு அது 10 டாலர். இவனை அரை லாட் போடச் சொல்லியிருக்கிறார்கள், அப்படியானால் பிப்புக்கு 5 டாலர். வந்த சிக்னல்கள் எல்லாமே 10 பிப் லாபத்தில் வெளியே வா, 60 பிப் நஷ்டம் வரை பொறு என்கிற மாதிரிதான். ஜெயித்தால் 50 டாலர், தோற்றால் 300. பத்தில் எட்டு ஜெயிக்கிறது, 80 சதவீத வெற்றி என்று டெலிகிராம் குழுவில் பச்சை டிக் போட்டுக் காட்டினார்கள், அதில் பொய்கூட இல்லை. எட்டு முறை 50, நானூறு வந்தது. இரண்டு முறை 300, அறுநூறு போனது. எண்பது சதவீதம் ஜெயித்தும் கையில் 200 டாலர் குறைவு, கமிஷன் வெட்டு தனி. ஒரு துண்டுத்தாளில் இதை எழுதிக் காட்டியபோது அவன் ரொம்ப நேரம் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏழாம் வகுப்புக் கணக்குதான் மாமா இது, இதை ஏன் அங்கே யாருமே போடவில்லை என்றான்.

ஏன் போடவில்லை என்றால், இப்படி ஆள் பிடித்துத் தருபவருக்கு வாடிக்கையாளர் போடும் ஒவ்வொரு லாட்டுக்கும் டிரேடிங் தளத்திலிருந்து கமிஷன் வருவது இந்தத் தொழிலில் வழக்கம். லாட் பெரிதானால் அவர் வருமானம் பெரிது, நாம் ஜெயித்தாலும் தோற்றாலும் அவருக்கு உண்டு. ஆயிரம் டாலர் வைத்திருப்பவன் ஒரு டிரேடில் ஒரு சதவீதம்தான் இழக்கலாம், அதாவது 10 டாலர், என்று வைத்துக்கொண்டால் 60 பிப் ஸ்டாப் லாஸுக்கு (இவ்வளவு நஷ்டத்தில் வெளியே வந்துவிடுவது என்கிற எல்லை) 0.01 லாட்டுக்கு மேல் போடவே முடியாது. இவன் போட்டது 0.5. யூரோ டாலர் ஒரே நாளில் 70, 80 பிப் ஆடுவது சாதாரணம். அடுத்தடுத்து இரண்டு முறை 300 போனால் ஆயிரத்தில் மிச்சம் 400, அது மறுபடி ஆயிரமாக 150 சதவீத லாபம் வேண்டும்.

தினம் 5 சதவீதம் நிச்சயம் என்றும் சொன்னார்களாம். செல்போன் கால்குலேட்டரை எடுத்து ஒரு லட்சத்தை 1.05-ஆல் 250 முறை (வருடத்தில் சுமார் 250 வர்த்தக நாள் என்று வைத்து) பெருக்கிப் பாருங்கள், ஒரு வருடத்தில் சுமார் 1,980 கோடி ரூபாய் வரும். அப்படிச் சம்பாதிக்கத் தெரிந்தவர் ஆளுக்கு 15,000 ரூபாய் கட்டணத்துக்காக ஹால் வாடகை கொடுத்து வகுப்பு எடுக்க மாட்டார். இவர்கள் 500 மடங்கு லெவரேஜை, அதாவது கையில் இருக்கும் பணத்தைப் போல 500 மடங்கு தொகைக்கு டிரேட் போட விடுவதை, ஒரு சலுகை மாதிரி விற்கிறார்கள். ஐரோப்பாவின் பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான எஸ்மா 2018-லேயே முக்கிய கரன்சிகளுக்கு அதை 30 மடங்குக்கு மேல் தரக் கூடாது என்று கட்டிப்போட்டது, சில்லறை முதலீட்டாளர் கணக்குகளில் 74 முதல் 89 சதவீதம் வரை நஷ்டத்தில்தான் முடிகின்றன என்பதையும் அப்போது சொன்னது.

இன்னொரு விஷயம், கணக்கு எவ்வளவு வந்தாலும் இது சட்டப்படி நமக்குத் திறந்திருக்கும் வழி கிடையாது. ஃபெமா எனும் அந்நியச் செலாவணிச் சட்டப்படி அனுமதி பெற்றவர்களிடமோ அங்கீகரிக்கப்பட்ட எக்ஸ்சேஞ்சிலோதான் கரன்சி வர்த்தகம் செய்யலாம், வெளிநாட்டுத் தளத்துக்கு மார்ஜின் பணம் (டிரேட் போட ஈடாகக் கட்டும் முன்பணம்) அனுப்ப அனுமதியில்லை. நம் எக்ஸ்சேஞ்சில் 2008-லிருந்து டாலர் ரூபாய் ஃப்யூச்சர்ஸ் (பின்தேதிக்கு இன்றே விலை பேசும் ஒப்பந்தம்) இருக்கிறது, ஆனால் 2024 மே 3 முதல் நடைமுறைக்கு வந்த ரிசர்வ் வங்கி சுற்றறிக்கைப்படி, எங்கள் கம்பெனி மாதிரி உண்மையிலேயே டாலர் வர வேண்டியவர்கள், கட்ட வேண்டியவர்கள்தான் அதில் இறங்கலாம். அனுமதியில்லாத தளங்களின் எச்சரிக்கைப் பட்டியலை ரிசர்வ் வங்கி தன் இணையதளத்தில் போட்டிருக்கிறது. பட்டியலில் பெயர் இல்லை என்பதற்காக நம்பிவிடவும் கூடாது, அது முழுப் பட்டியல் அல்ல என்று அவர்களே சொல்லியிருக்கிறார்கள்.

மீதிப் பணத்தை எடுக்கப் போனபோதுதான் முழுச் சாயமும் வெளுத்தது. முதலில் 18 சதவீதம் வரி கட்டு, அப்புறம் பணம் வரும் என்றார்கள். இருக்கிற பணத்திலேயே பிடித்துக்கொள்ளுங்கள் என்றால் சிஸ்டம் விடாதாம். நான் போனில் பேசியதும், புகார் கொடுத்தால் ஃபெமாவில் உங்கள் மச்சினனும் மாட்டுவான் என்று மிரட்டல். பட்டனை அமுக்கியபோது எங்கேயாவது உண்மையில் யூரோ வாங்கி விற்கப்பட்டதா என்பதே இப்போது எனக்குச் சந்தேகம்.

வரி என்று ஒரு பைசா கட்டவில்லை. சைபர் மோசடி உதவி எண்ணான 1930-க்குப் போன் செய்து, சைபர் கிரைம் இணையதளத்திலும் புகார் பதிந்து, வங்கிக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். அந்த மிரட்டலுக்குப் பயந்துதான் நிறைய பேர் வாயைத் திறக்காமல் இருக்கிறார்கள், தயவுசெய்து அப்படி இருக்காதீர்கள். பணம் போனது தெரிந்த உடனே 1930-க்கு அடியுங்கள், தாமதமானால் அது கணக்கு மாறிக் கணக்கு போய்விடும். இதே மாதிரி வகுப்பில் கட்டியவர்கள் தனித்தனியாகப் புகார் கொடுங்கள். யூபிஐ ரசீது, சிக்னல் வந்த மெசேஜ், வரி கேட்ட மெசேஜ் எல்லாவற்றையும் டெலிகிராம் குழுவை விட்டு வெளியே வரும் முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், அவர்கள் அந்தப் பக்கம் அழித்தால் உங்கள் போனிலிருந்தும் போய்விடும்.