களஞ்சிய வீட்டை விரிவாக்க அனுமதி: ஒரு திட்ட ஆலோசகரின் சேவை

இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தில், பழைய தானியக் களஞ்சியமாக இருந்து வீடாக மாற்றப்பட்ட எங்கள் இல்லத்தை விரிவாக்குவதற்கு அனுமதி பெற்றுத் தந்த திட்ட ஆலோசகரின் சேவையைப் பற்றியது இம்மதிப்புரை. குறைகளையும் சொல்லவிருப்பதால் பெயரைத் தவிர்க்கிறேன்.

சாதாரண வீட்டுக்காரர்கள் குறிப்பிட்ட வரம்புகளுக்குள் விண்ணப்பம் ஏதுமின்றியே பின்புறத்தில் ஓர் அறையைச் சேர்த்துக்கொள்ளலாம். வேளாண் கட்டடங்களைக் குடியிருப்பாக்க இடமளிக்கும், கட்டட அனுமதி விதிகளின் கியூ பிரிவின் கீழ் உருவான எங்களுடையது போன்ற வீடுகளுக்கு அந்த உரிமை கிடையாது. ஆகவே ஒரு சிறிய அறைக்கும் அனுமதி வழங்கும் உள்ளூர் கவுன்சிலை அணுகியே தீர வேண்டும்.

வேறொருவர் வரைந்த இரண்டு மாடி விரிவாக்கம், களஞ்சியத்தின் எளிய தோற்றத்தைக் குலைக்கிறது என்ற காரணத்தால் முன்னரே நிராகரிக்கப்பட்டிருந்தது. 12 வாரங்களுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்றாலும், மேல்முறையீட்டு ஆய்வாளரும் அதே வரைபடங்களைத்தான் பார்ப்பார் என்று சொல்லி, நிராகரித்த கவுன்சில் அதிகாரியின் அறிக்கையை வரிவரியாகப் படித்து, அதில் எழுந்த ஒவ்வோர் ஆட்சேபத்துக்கும் வடிவமைப்பிலேயே விடை தேடியது இந்த ஆலோசகரின் தனித்திறமை. புதிய பகுதி ஒற்றைத் தளமாக, பழைய கூரை முகட்டுக்குத் தாழ்வாக, கண்ணாடி நடைவழி ஒன்றால் மட்டும் இணைந்து நின்றது. வண்டிகள் நுழைந்த உயரமான பழைய வாயிலை அவர் தொடவே விடவில்லை. கூரையிலிருந்து துருத்தும் சன்னல்கள் வேண்டும் என்ற எங்கள் ஆசையையும் தயவு தாட்சண்யமின்றி நீக்கினார், அதுவே சரி.

வௌவால்கள் சட்டப் பாதுகாப்புப் பெற்றவை. பழைய களஞ்சியத்தில் அவை தங்கும் அறிகுறி தென்பட்டால், அந்தி நேரக் கணக்கெடுப்பை மே முதல் செப்டம்பர் வரையில்தான் நடத்த முடியும் என்பதைக் குளிர்காலத்திலேயே எச்சரித்ததால் எங்களுக்கு ஒரு பருவம் வீணாகவில்லை.

ஆயினும் அந்தக் கணக்கெடுப்பின் செலவு அவருடைய முதல் மதிப்பீட்டில் இடம்பெறவில்லை. நிராகரிக்கப்பட்டவர்கள் ஒருமுறை கட்டணமின்றி மீண்டும் விண்ணப்பிக்கும் சலுகை 2023 டிசம்பரில் நீக்கப்பட்டுவிட்டதால், 2025 ஏப்ரலில் 528 பவுண்டாக உயர்ந்த கட்டணத்தை முழுமையாகச் செலுத்த நேர்ந்தது. இதையும் நாங்களே கேட்டுத்தான் அறிந்தோம். மின்னஞ்சல்களுக்குப் பதில் வரவும் தாமதமாகிறது.

நிராகரிப்புக் கடிதத்தோடு நிற்பவர்களுக்கு இவரைத் தயங்காமல் பரிந்துரைப்பேன். ஆனால் அனுமதியோடு நிபந்தனைகளும் வரும். வெளிச்சுவரில் பொருத்தும் பலகையின் மாதிரிக்குக் கவுன்சிலின் ஒப்புதல் பெறுவது போன்ற பணிகளுக்கு இவர் தனியே கட்டணம் வாங்குகிறார் என்பதால், அத்தொகையை ஒப்பந்தத்துக்கு முன்பே எழுத்தில் பெற்றுக்கொள்ளுங்கள்.