பதினோரு வரித் தாள், எட்டு மதிப்பெண்

திருநெல்வேலியில் ஒரு ஜவுளிக்கடையில் 22 ஆண்டுகளாக நின்றுகொண்டே சேலை விரித்துக் காட்டுகிறவன் நான். போன ஆண்டு கணுக்கால் எலும்பு முறிந்து மாவுக்கட்டுப் போட்டார்கள். கட்டுப் பிரித்த வாரமே இடது கால் தொடைவரை வீங்கிவிட்டது. ரத்தக்கட்டி. முதலில் பார்த்த மருத்துவமனையில் ஆறு மாதம் மாத்திரை கொடுத்து, "சரியாகிவிட்டது, போய் வாருங்கள்" என்றார்கள். சாயங்காலமானால் கால் அம்மிக்கல்லாகக் கனக்கிறதே என்றேன். "வயதாகிறது அல்லவா?" என்றார்கள். எனக்கு 53.

பிறகுதான் ரத்தநாளச் சிகிச்சைக்கென்றே இருக்கும் இந்தச் சிறிய கிளினிக்குக்கு வந்தேன்.

மருத்துவர் அம்மா முதலில் எடுத்தது ஒரு தாளை. வில்லால்டா அளவுகோலாம்; ரத்தக்கட்டி வந்துபோன கால் எவ்வளவு பாதிக்கப்பட்டிருக்கிறது என்று மதிப்பெண் போடுகிற தாள். வலி, கெண்டை பிடிப்பது, கனம், மதமதப்பு, அரிப்பு இந்த ஐந்தையும் நான் சொல்ல வேண்டும். வீக்கம், தோல் தடிப்பு, கருமை, சிவப்பு, சிரை புடைப்பு, கெண்டையை அமுக்கினால் வலி இந்த ஆறையும் அவர் பார்ப்பார். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை. எனக்கு 8. ஐந்து முதல் ஒன்பது வரை லேசான பாதிப்பு. 15ஐத் தொட்டாலோ புண் வந்தாலோ கடுமையானது. பள்ளிக்கூடத்தில்கூட எட்டு மதிப்பெண்ணுக்கு இவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

கட்டி கரைந்தாலும் சிரையின் வால்வுகள் தழும்பேறிச் சரியாக மூடாமல் போகுமாம். மேலே ஏறவேண்டிய ரத்தம் காலிலேயே தேங்கும். காலில் ரத்தக்கட்டி வந்தவர்களில் இரண்டு ஆண்டுகளுக்குள் நூற்றுக்கு 20 முதல் 50 பேருக்கு இப்படி ஆகிறதாம். இதை ஆறு மாதத்தில் ஒருவரும் என்னிடம் சொல்லவில்லை.

"எனக்கு இது முற்றுமா?" என்று கேட்டேன். முன்கூட்டிக் கணிக்க மூன்று விவரம் முக்கியம் என்றார்: கட்டி இடுப்புச் சிரைவரை ஏறியிருந்ததா, உடல் எடை எவ்வளவு, தொடக்கத்திலேயே கால் எவ்வளவு மோசமாக இருந்தது. எடை 104 கிலோ, அதை மறைக்க முடியாது. மற்ற இரண்டுக்கும் பழைய அறிக்கையைப் புரட்டினார். 'இடது காலில் ரத்தக்கட்டி' என்று ஒரே வரி. எந்த மட்டம்வரை என்று இல்லை. கால் இருந்த நிலை பற்றியும் ஒரு சொல் இல்லை. பாதி விடைத்தாளுக்கு மதிப்பெண் போட முடியாது என்று சொல்லி, ஊகித்து எதையும் எழுத மறுத்துவிட்டார். ஸ்கேன் படத்தைக் கேட்டு வாங்க நான் அந்தப் பழைய மருத்துவமனைக்கு மூன்று முறை அலைந்தது தனிக்கதை. படம் வந்தது: கட்டி தொடையோடு நின்றிருக்கிறது.

அழுத்தக் காலுறைக்கு 2,900 ரூபாய். காலையில் வீக்கம் ஏறுவதற்குமுன் வரச்சொல்லி அளவெடுத்தார்கள். விற்கிறவர்களே இதைச் சொன்னதுதான் எனக்கு ஆச்சரியம்: கனடாவிலும் அமெரிக்காவிலும் 806 பேரிடம் நடத்தி 2014இல் வெளிவந்த ஆய்வில், காலுறை இந்தத் தொந்தரவு வராமல் தடுக்கவில்லையாம். "வீக்கமும் கனமும் குறைந்தால் போடுங்கள், தாயத்து என்று நினைத்துப் போடாதீர்கள்" என்றார் மருத்துவர் அம்மா. எனக்குக் குறைகிறது. சித்திரை வெயிலில் மாட்டுவதுதான் தண்டனை.

குறைகளும் உண்டு. டோக்கன் எண் பத்து என்றால் இரண்டு மணி நேரம் உறுதி. கால் வீங்கியவர்கள் வரும் இடத்தில் கால் நீட்ட ஒரு முக்காலிகூடக் கிடையாது. இந்த விமர்சனத்தில் கிளினிக்குக்கு ஒரு நட்சத்திரத்தைக் குறைத்தது அதற்காகத்தான். மூன்று மாதம் கழித்து அதே தாளோடு மறுபடி வரச்சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் ஆறு கிலோ குறைக்க வேண்டும். கடையில் எனக்கு ஒரு ஸ்டூல் போட்டுவிட்டார்கள்.