கிரேடு 1 பிள்ளைக்குப் புத்தகப்பை: டர்பன் கடைகளில் எதை எடுக்கலாம்?

ஜனவரியில் பள்ளி திறக்குமுன் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் சாட்ஸ்வர்த், பீனிக்ஸ் பகுதிக் கடைகளில் புத்தகப்பைகள் மலைபோல் குவிந்துவிடும். கிரேடு 1 பிள்ளைக்கு என்று கேட்டால் மூன்று வகை எடுத்துப் போடுவார்கள்: கார்ட்டூன் படம் போட்ட சின்னப் பை, சக்கரப் பை, படமில்லாத நைலான் முதுகுப்பை. எடுக்க வேண்டியது மூன்றாவது.

கார்ட்டூன் பையைப் பார்த்ததும் பிள்ளை விடாது, தெரியும். ஆனால் அவற்றில் பல கிரேடு ஆர் (கிரேடு 1க்கு முந்தைய வகுப்பு) அளவு, உயரம் 30 செ.மீ.கூட இராது. அரசு தரும் ரெயின்போ பயிற்சிப் புத்தகமோ ஏ4, அதாவது 29.7 செ.மீ. திணித்தால் முனை மடங்கும், ஜிப் மூடாது. உள்ளே அளந்து 33 செ.மீ. இருந்தால்தான் வாங்குங்கள். படம் வேண்டும் என்று அடம்பிடித்தால் பென்சில் பையில் வாங்கிக் கொடுங்கள்.

சக்கரப் பை காலியாகவே பெரும்பாலும் ஒரு கிலோவைத் தாண்டும். சாட்ஸ்வர்த்தின் மேட்டிலும் படிக்கட்டிலும் அதைப் பிள்ளை தூக்கித்தான் ஆக வேண்டும். கைப்பிடிக் குழாய் ஒருமுறை வளைந்தால் உள்ளே இறங்காது.

பிள்ளையின் எடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் முதுகில் ஏறக்கூடாது. 20 கிலோ பிள்ளைக்கு 2 கிலோ. அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலோடு 600 கிராம், சாப்பாட்டு டப்பா 350, புத்தகமும் பென்சிலும் 450. மீதி 600 கிராம்தான் காலிப் பைக்கு. கடையில் தராசு இருந்தால் கூச்சப்படாமல் நிறுத்துப் பாருங்கள்.

அடுத்து தையல். முதலில் பிய்வது தோள்வார் மேலே பையோடு சேரும் இடம். அங்கே ஒற்றைக் கோடாக ஓட்டியிருந்தால் ஆண்டு முடியுமுன் கையோடு வரும். சதுரம் போட்டு நடுவில் பெருக்கல் குறிபோல் தைத்திருந்தால் தாங்கும். வாரைச் சரிசெய்யும் பிளாஸ்டிக் பக்கிளைச் சுண்டி இழுங்கள். நாடா மெல்லியதாக இருந்தால் வழுக்கும், பை இடுப்புக்குக் கீழே தொங்கும்.

எல்லாவற்றையும்விட முக்கியம் ஜிப். முப்பது நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் ஒவ்வொருவர் பையையும் டீச்சர் திறந்து கொடுக்க முடியாது. ஜிப் வராத பிள்ளை கேட்கக் கூசி, பசியோடு உட்கார்ந்துவிடும். கடையிலேயே பிள்ளையின் கையில் கொடுத்து, மூலை திரும்பும் இடம்வரை மூன்று முறை திறந்து மூடச் சொல்லுங்கள். சிக்குவது பெரும்பாலும் அந்த மூலையில்தான். உள்துணி பல்லுக்கு மிக அருகில் வந்திருக்கும். பல் அகலமான 8ஆம் எண் ஜிப் நல்லது. எண் பெரும்பாலும் இழுப்பானின் பின்புறம் இருக்கும். இழுப்பான் சின்னதென்றால் ஒரு விரல் நீள ரிப்பன் கட்டிவிடுங்கள். எழுத்துத் தெரியாத பிள்ளைக்குத் தன் பையைக் கண்டுபிடிக்கவும் அந்த நிறமே போதும்.

டப்பாவுக்கும் இதே சோதனை. நான்கு பக்கமும் கிளிப் உள்ளவை ஆறு வயது விரலுக்குக் கடினம். ஒற்றைக் கிளிப் போதும். பள்ளி திறக்க ஒரு வாரம் முன்பிருந்தே ரொட்டியும் உருளைக்கிழங்கும் அந்த டப்பாவிலேயே வைத்து, பிள்ளையையே திறந்து சாப்பிட்டு மூடிப் பையில் வைக்கப் பழக்குங்கள்.

பெயரை வெளியே எழுத வேண்டாம், முன்பின் தெரியாதவர் பெயர் சொல்லி அழைக்க வழியாகும். வெள்ளைப் பருத்தி நாடாவில் எழுதி உள்மடிப்பில் தைத்துவிடுங்கள். நைலானில் நேராக எழுதிய மை சீக்கிரம் மங்கும்.