உயிருள்ள இரையே தின்று பழகிய மலைப்பாம்பு ஃப்ரோசன் எலிக்கு மாறியது: நாலு வருட அனுபவம்

2021 நவம்பரில் முத்து எங்கள் ஸ்கார்பரோ வீட்டுக்கு வந்தபோது அவளுக்கு ஒரு வயது, எடை 610 கிராம். பால் பைத்தான் (ball python) இனம். கானா, டோகோ, பெனின் பக்கத்து மலைப்பாம்பு. பயந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்தாகச் சுருண்டுகொள்ளும், அதனால்தான் அந்தப் பெயர். முன்பு வளர்த்தவர் உயிருள்ள சுண்டெலி மட்டுமே கொடுத்திருக்கிறார். அவள் கழுத்துக்குக் கீழே செதிலே இல்லாமல் வழவழவென்று ஒரு தழும்பு. எலி கடித்த இடம். பசியில்லாத பாம்போடு எலியை விட்டுவைத்தால் அது பாம்பையே கொறிக்க ஆரம்பித்துவிடும். அந்தத் தழும்பைத் தடவிப் பார்த்த அன்றே, உயிருள்ள இரை இனி இந்த வீட்டுக்குள் வராது என்று முடிவெடுத்தேன். எலிக்கும் அது கொடுமைதானே.

அதற்குப் பிறகு ஒன்பது வாரம் அவள் எதையும் தின்னவில்லை.

முதல் மாதம் நான் செய்தது எல்லாமே தப்பு. ஒருநாள் விட்டு ஒருநாள், ஃப்ரீசரிலிருந்து எடுத்து உருக்கிய செத்த சுண்டெலியை இடுக்கியில் பிடித்து மூக்குக்கு நேரே ஆட்டுவேன். அவள் பந்தாகிவிடுவாள். தனிப் பிளாஸ்டிக் பெட்டியில் போட்டு ஊட்டச் சொன்னார்கள். அங்கே இன்னும் மிரண்டாள். கோழி சூப்பில் முக்கிக் கொடுத்தும் பார்த்தேன், பிரயோஜனமில்லை. இரையின் மண்டையைக் கீறி வாசனை வரவைப்பதும் ஒரு வழி. சில பாம்புகளுக்கு அது பலிக்கும், முத்துவுக்குப் பலிக்கவில்லை. ஞாயிறுதோறும் கிச்சன் தராசில் நிறுத்துக் குறித்துக்கொண்டே வந்தேன். 549 கிராமுக்கு வந்தால், அதாவது பத்தில் ஒரு பங்கு குறைந்தால், ஊர்வன பார்க்கிற டாக்டரிடம் கொண்டுபோவது என்று வைத்திருந்தேன். எட்டாவது வாரம் 568.

தொட்டியின் தரைச் சூட்டை அளக்க வாங்கிய துப்பாக்கி மாதிரியான தெர்மாமீட்டரை ஒருநாள் தற்செயலாக இடுக்கியில் இருந்த சுண்டெலிமேல் காட்டினேன். 25 டிகிரி. கைக்கு வெதுவெதுப்பாக இருந்ததே! அறை 20 டிகிரியில் இருந்தது. ஈர ரோமம் ஒன்றிரண்டு நிமிஷத்தில் ஆறிவிட்டது. பால் பைத்தானின் மேலுதட்டில் வரிசையாகச் சின்னக் குழிகள் இருக்கும், அவை வெப்பத்தை உணர்பவை. இருட்டில் அது இரையைத் தேடுவது வாசனையாலும் சூட்டாலும்தான். சுற்றுப்புறத்தைவிட நல்ல சூடாக இருந்தால்தான் அவளுக்கு அது உயிர்ப்பிராணி. நான் இத்தனை நாள் நீட்டியது அவளைப் பொறுத்தவரை ஒரு ஈரத்துணி.

அன்றிலிருந்து இன்றுவரை முறை இதுதான். முந்தின இரவே ஃப்ரீசரிலிருந்து எடுத்து ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிடுவேன். மறுநாள் ராத்திரி, மூடிய ஜிப் பையோடு கை பொறுக்கிற வெந்நீரில் இருபது நிமிஷம். வயிற்றை அழுத்திப் பார்ப்பேன், உள்ளே கட்டி தட்டக் கூடாது. துடைத்து உலர்த்தி, கடைசியாகத் தலைக்கு மட்டும் ஹேர் டிரையர். தலை 38, 40 டிகிரி காட்டியதும் உடனே கொடுத்துவிட வேண்டும். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம்; ஒரு பக்கம் வெந்துபோகும், வயிறு வெடிக்கும். தின்னாததைத் திரும்ப உறைய வைக்கவும் கூடாது. இந்தப் பாத்திரம், இடுக்கி எதுவும் சமையல் சாமானோடு சேராது. சால்மொனெல்லா கிருமி பயம் உண்மையானது, அதுவும் குழந்தைகள் உள்ள வீட்டில்.

கூடவே இரண்டு மாற்றம் செய்தேன். தொட்டியின் மூன்று பக்கத்தையும் கறுப்பு அட்டையால் மறைத்தேன். மறுத்தால் அடுத்த முயற்சி ஒரு வாரம் கழித்துத்தான். இந்த இரண்டாவதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது. பட்டினி கிடக்கிற பிள்ளையைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க மனசு வராது.

2022 ஜனவரிக் கடைசியில், விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, அவள் ஒளிந்திருந்த பொந்தின் வாசலில் தரையோடு தரையாக, ஒரு சாண் தள்ளி, சுண்டெலியைப் பிடித்தேன். ஆட்டவில்லை. நாக்கு மெதுவாக நீண்டு நீண்டு உள்ளே போனது. கழுத்து வளைந்து பின்னால் இழுபட்டது. மூச்சை அடக்கிக்கொண்டிருந்தேன். அடுத்த நொடி இடுக்கி கையில் அதிர்ந்தது. இரையைச் சுற்றி இரண்டு சுற்று இறுக்கியிருந்தாள். இறுக்கம் தளர வேண்டாம் என்று சுண்டெலியின் வாலை லேசாக இழுத்துவிட்டேன். பிறகு தலைப்பக்கத்தைத் தேடிப் பிடித்து, தாடை இடமும் வலமும் மாறி மாறி நகர, இறக்கினாள். முடித்ததும் வாயை அகலத் திறந்து ஒரு கொட்டாவி, தாடையைச் சரிப்படுத்திக்கொள்ள. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சுண்டெலியிலிருந்து பெரிய எலிக்கு மாற்ற இன்னும் மூன்று மாதம் ஆனது. சுண்டெலிக் கூண்டின் மரத்தூளில் எலியைப் புரட்டிக் கொடுத்தேன், வாசனைக்காக. ஐந்தாறு முறைக்குப் பிறகு அதுவும் தேவைப்படவில்லை.

இடையில் ஒரு பெரிய தப்பு செய்தேன். சாப்பிட்ட மறுநாளே ஆசையாகத் தூக்க, எல்லாவற்றையும் கக்கிவிட்டாள். இரண்டு வாரம் ஓய்வு கொடுத்து, சின்ன இரையிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன். இப்போது சாப்பிட்டபின் 48 மணி நேரம் யாரும் தொடுவதில்லை.

அவளுக்கு இப்போது 1,600 கிராம். மூன்று வாரத்துக்கு ஒரு எலி, சுமார் 90 கிராம். டிசம்பர் வந்தால் இப்போதும் இரண்டு மாதம் தொடமாட்டாள். எடை நாற்பது, ஐம்பது கிராம் இறங்கும். சூடான பக்கம் 32, குளிர்ந்த பக்கம் 25, ஈரப்பதம் 60 சதவீதம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு விட்டுவிடுகிறேன். இந்த முறை மார்ச் முதல் வாரம் பொந்தை விட்டு வெளியே வந்து, இடுக்கியை நான் இறக்குவதற்கு முன்பே கழுத்தை வளைத்துக்கொண்டு நின்றாள்.