இமை அறுவைக்குப் பணம் கட்டும் முன் ஒரு நிமிடம்

"மூணு நாள் ரெஸ்ட், நாலாம் நாள் வேலைக்குப் போயிடலாம்." மேல் இமையில் தொங்கிய தோலை எடுக்கப் போனபோது கிளினிக்கில் எனக்குச் சொன்னது இது. சொன்னவர் டாக்டர் இல்லை, பேக்கேஜ் பேசும் கவுன்சிலர். அறுவை செய்த டாக்டரை முதன்முதலாகப் பார்த்ததே அன்று காலையில்தான். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும்.

நாலாம் நாள் கண்ணே சரியாகத் திறக்கவில்லை. கன்னம் வரை ரத்தம் கட்டிக் கறுத்திருந்தது. இமை வீக்கம் 2, 3 நாளில்தான் உச்சத்துக்குப் போகுமாம். தையல் பிரிக்கவே 5 முதல் 7 நாள், முகம் தேற 2 வாரம், தழும்பு மங்கப் பல மாதம். இதெல்லாம் எல்லாருக்கும் நடப்பதுதான். முன்பே சொல்லியிருந்தால் விடுப்பு எடுத்திருப்பேன். சொன்னால் நான் தயங்குவேன் என்றுதான் சொல்லவில்லை.

அதைக்கூட மன்னித்துவிடலாம். முதல் நாள் இரவை என்னால் மன்னிக்க முடியவில்லை. வலது கண்ணில் மணலைக் கொட்டியது போல எரிச்சலும் வலியும். கொடுத்த அவசர எண்ணை விடியும் வரை அழைத்தேன், யாரும் எடுக்கவில்லை. இந்த அறுவைக்குப் பிறகு அபூர்வமாகக் கண்ணுக்குப் பின்னால் ரத்தம் கசிந்து தேங்குவது உண்டு. முதல் 24 மணி நேரத்தில்தான் அதற்கு வாய்ப்பு அதிகம். கண் கல்லாக இறுகி, பிதுங்கி, கடுமையாக வலித்துப் பார்வை மங்கினால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது, நேரே அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும். இதைக்கூட எனக்கு யாரும் சொல்லி அனுப்பவில்லை.

எனக்கு நேர்ந்தது அது இல்லை. காலையில் வேறொரு கண் மருத்துவர் பார்த்துச் சொன்னார்: வலது இமை முழுதாக மூடவில்லை, தூங்கும்போது திறந்தே கிடந்து கருவிழி காய்ந்து புண்ணாகியிருக்கிறது. புருவத்துக்கும் இமை முடிக்கும் நடுவே சுமார் 20 மில்லிமீட்டர் தோலாவது மிஞ்ச வேண்டுமாம். எனக்கு அதைவிடக் குறைவாக விட்டிருந்தார்கள். போதாததற்கு, பல வருடமாக எனக்குக் கண் வறட்சி. சொட்டு மருந்து கைப்பையிலேயே இருந்தது. அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கீழ் இமையில் தாள் துண்டைச் செருகி, 5 நிமிடத்தில் எவ்வளவு தூரம் ஈரம் ஏறுகிறது என்று பார்க்கும் சாதாரணச் சோதனை இருக்கிறது. அதையும் செய்யவில்லை. லேசிக் (கண்ணாடி போடாமல் இருக்கச் செய்யும் லேசர் அறுவை) செய்தவர்கள், கண் வறண்டவர்கள் அந்தச் சோதனை இல்லாமல் தயவுசெய்து சம்மதிக்காதீர்கள்.

தையல் பிரிக்கப் போனபோது நர்ஸ்தான் பிரித்தார். டாக்டரைப் பார்க்க வேண்டும் என்றேன். அதற்குத் தனிக் கட்டணமாம்.

பணம் கட்டும் முன் ஒன்று கேளுங்கள்: "ராத்திரி 2 மணிக்கு வலித்தால் யார் போன் எடுப்பார்கள்?" பெயரும் எண்ணும் வாங்கி, அங்கேயே அழைத்துப் பாருங்கள்.

ஐந்து மாதம் ஆகிறது. இமை இப்போது ஏறக்குறைய மூடுகிறது. இன்னும் தினமும் ஆயின்ட்மென்ட் போட்டுத்தான் படுக்கிறேன். என் கேஸ் ஷீட் நகலைக் கேட்டு இரண்டு முறை எழுதிவிட்டேன், இதுவரை பதில் இல்லை.