நாடகத்துக்குக் கம்பியில்லா மைக் வாடகைக்கு எடுக்கும் குழுக்களுக்கு ஓர் எச்சரிக்கை

சென்னை சபாக்களில் நாடகம் போடும் அமெச்சூர் குழுக்கள் பல, மேடைக்கு மேலே தொங்கும் மைக்குகளை விட்டுவிட்டு, நடிகர் ஒவ்வொருவருக்கும் காலர் மைக் மாட்டும் முறைக்கு மாறிவருகின்றன. எங்கள் குழுவும் அண்மையில் அப்படி ஒரு நாடகத்தை மேடையேற்றியது. மைக் வாடகைக்குக் கொடுத்தவர் எங்களை ஏமாற்றிய விதம் எந்தக் குழுவுக்கும் நேரக்கூடியது என்பதால், நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

பேசி முடித்தது இதுதான். 8 நடிகர்களுக்கு 8 செட். ஒரு செட் என்றால், நடிகர் அணியும் மைக், அதன் ஒலியை ரேடியோ அலையாக அனுப்பும் டிரான்ஸ்மிட்டர், அதை வாங்கும் ரிசீவர். அனைத்தும் ஒரே தயாரிப்பு. தேவைக்கேற்ப அலைவரிசையை மாற்றிக்கொள்ளக்கூடிய யூஎச்எஃப் (தொலைக்காட்சி ஒளிபரப்பும் பயன்படுத்தும் ரேடியோ அலைப் பகுதி) வகை. எல்லா மைக்குகளின் ஒலியையும் ஏற்றி இறக்கும் மிக்சரில் உட்கார நாடகம் பழகிய ஒருவர். மாடல் எண்ணையும் படத்தையும் வாட்ஸ்அப்பில் அனுப்பியவர் வாடகைக்குக் கொடுத்தவரே. அதை நம்பி வாடகையில் பாதியை முன்பணமாகக் கொடுத்தோம். நாடகத்தன்று காலையில் வந்து இறங்கியவை வேறு. நான்கு செட்டுகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் மலிவு வகை. மற்ற நான்கின் ரிசீவர்களில் 740 முதல் 752 மெகாஹெர்ட்ஸ் என்று அச்சிடப்பட்டிருந்தது. கேட்டதற்கு, "நீங்க கேட்டதைவிட இது நல்ல செட் சார், டெஸ்ட் பண்ணிப் பார்த்துக்கோங்க" என்றார். வேறிடத்தில் ஏற்பாடு செய்ய அவகாசமில்லாத வேளை பார்த்துச் சரக்கை இறக்குவது இவர்களுடைய உத்தி என்றே நினைக்கிறேன்.

அந்தச் சோதனையில் எல்லாம் தெளிவாகவே கேட்டது. ஆனால், அவருடைய ஆள் ஒரு நேரத்தில் ஒரு மைக்கை மட்டுமே இயக்கிக் காட்டினார். அரங்கமும் காலியாக இருந்தது. இந்த இரண்டும் சேர்ந்தால் எந்த மட்டமான செட்டும் நன்றாகத்தான் கேட்கும். 2.4 கிகாஹெர்ட்ஸ் என்பது வைஃபையும் புளூடூத்தும் பயன்படுத்தும் அதே பகுதி. மாலையில் அரங்கம் நிறையும்போது அத்தனை கைபேசிகளும் உள்ளே வந்துவிடுகின்றன. அதோடு, மனித உடல் இந்த அலைகளை உறிஞ்சக்கூடியது என்பதால், ரிசீவரைப் பின்வரிசை மிக்சர் மேசையில் வைத்திருந்தால் பார்வையாளர் கூட்டம் முழுவதும் மேடைக்கும் ஆண்டெனாவுக்கும் நடுவே தடுப்பாக அமர்கிறது. 700 மெகாஹெர்ட்ஸ் பகுதியோ இன்று கைபேசிச் சேவைக்கு உரியது. அதில் 703 முதல் 748 வரை கைபேசிகள் அனுப்புவதற்கும், 758 முதல் 803 வரை கோபுரங்கள் அனுப்புவதற்கும் வகுக்கப்பட்டுள்ளன. 2022 ஏலத்தில் ஜியோ இதில் அலைக்கற்றை வாங்கியது. அமெரிக்காவில் 698 முதல் 806 வரையிலான பகுதியில் கம்பியில்லா மைக்குகளை 2010 ஜூனிலேயே தடைசெய்துவிட்டார்கள். இதைத் தொழிலாகவே செய்யும் ஒருவர் இத்தகைய செட்டை இப்போதும் வாடகைக்கு விடுவதை அறியாமை என்று என்னால் ஏற்க முடியவில்லை.

இதைவிட மோசமானது அலைவரிசைகளை அமைத்திருந்த முறை. நான்கு செட்டுகளையும் 741, 742, 743, 744 என்று சம இடைவெளியில் வைத்திருந்தார்கள். இரண்டு டிரான்ஸ்மிட்டர்கள் நெருங்கி நிற்கும்போது அவற்றின் அலைகள் கலந்து புதிய அலைகள் பிறக்கின்றன. 741-ம் 742-ம் சேர்ந்தால் 740-லும் 743-லும் இரைச்சல் எழும். அந்த 743 மூன்றாவது நடிகருடையது. ஒரே பகுதியில் 8 டிரான்ஸ்மிட்டர்கள் இயங்கினால், இப்படி இரண்டிரண்டாகச் சேர்வதால் மட்டும் 56 கலப்பு அலைகள் உண்டாகும். அவை எந்த மைக்கின் மீதும் விழாதபடி கணக்கிட்டு, சமமற்ற இடைவெளிகளில் அலைவரிசைகளைப் பிரித்துக் கொடுப்பதுதான் இந்தத் தொழிலின் அடிப்படை வேலை. தயாரிப்பாளர்களே அதற்கான மென்பொருளை இலவசமாகத் தருகிறார்கள்.

இரண்டாம் காட்சியில் குடும்பத்தினர் அனைவரும் கூடத்தில் நெருங்கி நின்று வாக்குவாதம் செய்ய வேண்டும். அங்கேதான் எல்லாம் குலைந்தது. அப்பாவாக நடித்தவரின் குரல் பாதி வசனத்தில் அறுந்துபோக, மகளின் மைக்கிலிருந்து கரகரவென்ற சத்தம் ஒலிபெருக்கிகளை நிறைத்தது. மிக்சரில் இருந்த இளைஞர் 8 மைக்குகளையும் திறந்தே வைத்திருந்தார். அருகருகே நிற்கும் இருவரின் மைக்குகள் திறந்திருந்தால், ஒரே குரல் இரண்டிலும் சிறு கால வித்தியாசத்தோடு புகுந்து குடத்துக்குள் பேசுவதுபோல் ஒலிக்கும். அதனால்தான் நாடகத்தில் வசனப் பிரதியைக் கையில் வைத்துக்கொண்டு, பேசுபவரின் மைக்கை மட்டும் வரிக்கு வரி ஏற்றி இறக்குவார்கள். பிரதியை நீட்டியபோது அந்த இளைஞர், "நான் கல்யாணத்துக்கு மட்டும்தான் போவேன் அண்ணா, இது எனக்குத் தெரியாது" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன்; தெரியாத வேலைக்கு அவரை அனுப்பியவர்தான் பொறுப்பு. மைக்கைப் பட்டுப்புடவைக்குள் மார்பில் குத்தியதும் தவறு. துணி உரசும், நகை தட்டும், தலை திரும்பினால் குரல் தேயும். நெற்றியில் முடி தொடங்கும் இடத்தில் ஒட்டினால் வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரம் மாறாது.

மாதக்கணக்கில் அலுவலகம் முடிந்து ஓடிவந்து வசனம் பழகிய நடிகர்கள், கடைசியில் மைக்கைக் கழற்றிவிட்டுத் தொண்டை கிழியக் கத்தி நாடகத்தை முடித்தார்கள். எனக்கு இன்னும் ஆறவில்லை. முன்பணத்தைத் திருப்பிக் கேட்டபோது, முதலில் அரங்கின் எல்இடி திரைமீது பழி போட்டார். அத்தகைய திரைகள் ரேடியோ இரைச்சலை உண்டாக்குவது உண்மைதான். ஆனால் எங்கள் நாடகத்தின்போது அது அணைந்தே கிடந்தது. பிறகு நடிகர்கள் மைக்கைக் கையால் தொட்டுவிட்டார்கள் என்றார். இப்போது தொலைபேசியையே எடுப்பதில்லை. பில்லில் "கார்ட்லெஸ் மைக் 8 செட்" என்பதைத் தவிர ஒன்றுமில்லை.

ஆகவே, மாடல் எண், அலைவரிசைப் பகுதி, மிக்சர் இயக்குபவரின் நாடக அனுபவம் ஆகிய மூன்றும் பில்லிலேயே எழுதப்படாமல் யாருக்கும் முன்பணம் கொடுக்காதீர்கள். சோதனையின்போது எல்லா மைக்குகளையும் ஒன்றாக இயக்கி, நடிகர்களை மேடையில் நெருங்கி நிற்கவைத்துக் கேளுங்கள். பிறகு ஒரு மைக்கை மட்டும் அணைத்துவிட்டு, மற்றவை இயங்கும்போதே அதன் ரிசீவரில் சிக்னல் விளக்கு எரிகிறதா என்று பாருங்கள். எரிந்தால் அந்த அலைவரிசையில் வேறு ஏதோ புகுகிறது என்று பொருள். ரிசீவர்களை மேடையின் ஓரத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். தொங்கும் மைக்குகளையும் அகற்ற விடாதீர்கள்.

ஏற்கெனவே இப்படி ஏமாந்தவர்கள் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதியலாம். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 2 ஆண்டுகளுக்குள் மனு செய்ய வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் என்றால் கட்டணம் கிடையாது. வாட்ஸ்அப் செய்திகளையும், ரிசீவர்களின் புகைப்படங்களையும், நாடகத்தின் ஒளிப்பதிவையும் இணைத்து எங்கள் மனுவைத் தயார் செய்துகொண்டிருக்கிறோம்.